முதல் பிஸ்டல் வாங்கும் முன்: திருவனந்தபுரத்தில் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

2017 டிசம்பரில் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவு ரேஞ்சில் தேசிய துப்பாக்கி சுடுதல் போட்டிகள் நடந்தன. பதினைந்து வயது மனு பாக்கர் பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இறுதிச் சுற்றில் 242.3 புள்ளிகள் எடுத்தார். ஹீனா சித்துவின் 240.8 புள்ளி சாதனை அன்று உடைந்தது. அந்தத் தொடரில் மனுவுக்கு மொத்தம் ஒன்பது தங்கம். ஏழு ஆண்டுகள் கழித்து பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வாங்கிய பெண், இந்திய அளவில் தன் பெயரை முதன்முதலில் உரக்கச் சொல்ல வைத்தது நம் ஊர் ரேஞ்சில்தான்.

2015 ஜனவரி 31 முதல் பிப்ரவரி 14 வரை கேரளத்தில் நடந்த 35ஆவது தேசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட ரேஞ்ச் இது. 10, 25, 50 மீட்டர் மூன்றுக்கும் இங்கே தளம் உண்டு. அங்கே புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகள். முதலில் எந்த பிஸ்டல் வாங்குவது? ஒரே பிஸ்டலில் பாகத்தை மாற்றி இரண்டு காலிபர் (குழல் விட்ட அளவு) சுட முடியுமா? இரண்டாவது கேள்வி வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து வருவது. முதல் கேள்விக்கு என் பதில்: 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டல், வேறெதுவும் வேண்டாம். இரண்டாவதற்கு என் பதில்: முடியும், ஆனால் சில ஆண்டுகள் கழித்து, அதுவும் லைசென்ஸில் எழுதிய பிறகு. இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் இருக்கும் வழியைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

தற்காப்புக்குத் துப்பாக்கி தேடுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. இது விளையாட்டைப் பற்றியது.

படி 1: கடைக்கு முன் ரேஞ்ச்

முதல் சில மாதங்களுக்கு எதையும் வாங்காதீர்கள். ரேஞ்சிலும் சங்கங்களிலும் பயிற்சிக்கென்று பிஸ்டல்கள் இருக்கும். பலர் கைபட்டவை, கிரிப் தேய்ந்திருக்கும். அவற்றில் பழகுங்கள். எந்தக் கை, எந்தக் கண், எவ்வளவு எடை உங்கள் தோளுக்குச் சரி என்று தெரியாமல் வாங்கும் பிஸ்டல் அலமாரியில்தான் இருக்கும்.

நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்திலிருந்து வேலைக்காகவோ படிப்புக்காகவோ இங்கே இருப்பவர்கள் ஒன்றைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். எந்த மாநில ரைபிள் சங்கத்தின் சார்பில் போட்டியிடப் போகிறீர்கள்? கேரளமா, தமிழ்நாடா? உறுப்பினர் சேர்க்கை, மாநிலப் போட்டி, பிறகு தேசியப் போட்டி எல்லாம் அந்த ஒரு சங்கத்தின் வழியாகத்தான் போகும். பின்னாளில் லைசென்ஸ் வாங்கும்போதும் உங்கள் முகவரி எந்த மாவட்டமோ அந்த மாவட்டத்தைத்தான் கேட்பார்கள். இரண்டு காகிதத்திலும் இரண்டு முகவரி இருந்தால் பிற்பாடு அலைச்சல்.

ரேஞ்சில் முதல் நாளே சொல்லித் தருவது பாதுகாப்பு விதிகள். குழல் எப்போதும் இலக்கின் பக்கம். சுடும் கணம் வரை விரல் டிரிகருக்கு வெளியே. காலியாக இருந்தாலும் குண்டு போட்டிருப்பதாகவே நினைக்க வேண்டும். பிஸ்டலை மேசையில் வைக்கும்போது குழலுக்குள் பாதுகாப்புக் கொடி, அதாவது குழல் காலி என்று எல்லோருக்கும் தெரியும்படி நீட்டிக்கொண்டிருக்கும் நிறக் கயிறு. யாராவது 'ஸ்டாப்' என்று கத்தினால், ஏன் என்று கேட்காமல் வைத்துவிட வேண்டும். இந்தப் பழக்கம் உடம்பில் ஏறாத ஒருவரின் கையில் புது பிஸ்டலைப் பார்ப்பது எனக்கு இன்றும் பயம்தான்.

படி 2: எதற்கு லைசென்ஸ், எதற்கு வேண்டாம்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் அடிப்படை. ஏர் பிஸ்டலைப் பொறுத்தவரை இரண்டு எண்கள் போதும்: குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. குழல்வாய் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக் கூடாது. இந்த எல்லைக்குள் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. கடைக்காரர் அடையாள ஆவணம் வாங்கிப் பதிந்துகொள்வார், அவ்வளவே.

போட்டி ஏர் பிஸ்டல் இந்த எல்லைக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று பாருங்கள். பிஸ்டலுக்கான பெல்லட் ஒன்றின் எடை 0.45 கிராம் அளவு. அது நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்தால் ஆற்றல் ஏறக்குறைய 5 ஜூல். பத்து மீட்டரில் காகிதத்தில் சுத்தமாக ஓட்டை போட இது தாராளம். சந்தையில் 'அதிக பவர்' என்று விற்கும் 5.5 மில்லிமீட்டர் ஏர் கன் பக்கம் போகாதீர்கள். போட்டியில் அதற்கு இடமே இல்லை. 4.5ஐத் தாண்டிய கணமே அது லைசென்ஸ் வட்டத்துக்குள்ளும் வந்துவிடுகிறது.

.22 தொடங்கி வெடிமருந்தில் சுடும் பிஸ்டல் எதுவானாலும் லைசென்ஸ் வேண்டும். வயது 21 ஆகியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்த இளம் வீரர்களின் பயிற்சிக்கு விதிகளில் தனி ஏற்பாடு உண்டு. ஆயுதச் சட்டத்தில் 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. லைசென்ஸ் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். தேசிய அளவில் தகுதி பெற்ற வீரர்களுக்கு எண்ணிக்கையில் தளர்வு இருக்கிறது.

இன்னொன்று: 9 மில்லிமீட்டர் நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட காலிபர். வெளிநாட்டு வீடியோக்களில் பேசப்படும் பிஸ்டல்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே காரணத்தால் நமக்குப் பொருந்தாது. தனிநபர் இறக்குமதி 1980களிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் அந்த வாசல் திறந்திருக்கிறது.

படி 3: கண், கை, கிரிப்

இரு கைகளையும் நீட்டி விரல்களுக்கு நடுவில் சிறு துளை வைத்து, தூரத்துச் சுவர்க் கடிகாரத்தை இரு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் துளைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் உங்கள் வலுவான கண். வலது கைக்காரருக்கு இடது கண் வலுவாக இருந்தால் பதற வேண்டாம். கோச்சிடம் சொல்லுங்கள், கண்மறைப்பு வைத்தோ தலையின் கோணத்தை மாற்றியோ சரிசெய்வார்.

இனி கிரிப். பிஸ்டலின் விலையில் நீங்கள் உண்மையில் காசு கொடுப்பது குழலுக்கு அல்ல, இந்த மரத்துண்டுக்கு என்றுகூடச் சொல்வேன். போட்டி பிஸ்டல் ஒற்றைக் கையில் சுடுவது. மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் கூடாது. அதனால் கிரிப் உள்ளங்கையின் மேடு பள்ளத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். மிகச் சிறியது முதல் பெரியது வரை அளவுகள் உண்டு. இடது கை, வலது கைக்குத் தனித்தனி. கீழே உள்ளங்கைத் தட்டு ஏற்றி இறக்கும்படி இருக்கும்.

சோதிக்கும் முறை இது. காலி பிஸ்டலைப் பிடித்துக் கையை இலக்கின் பக்கம் நீட்டி நில்லுங்கள். கண்ணை மூடுங்கள். இரண்டு மூச்சு விட்டபின் திறவுங்கள். பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் முன் சைட் நேராக நின்றால் கிரிப் உங்களுடையது. முன் சைட் இடதுபுறம் ஒதுங்கியிருந்தால் கிரிப்பைக் கையில் லேசாகத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம்தான் ஒதுங்குகிறது என்றால் மரத்தில்தான் வேலை. தேய்க்க வேண்டிய இடத்தில் உப்புத்தாள், குறைந்த இடத்தில் மரப் பசைமாவு. அனுபவமுள்ள வீரர்களின் கிரிப்பைப் பாருங்கள்: கட்டைவிரல் அடியில் ஒரு திட்டு, நடுவிரலுக்கு மேலே ஒரு சுரண்டல், அங்கங்கே பழுப்பு மாவு. அழகு குறைவுதான். ஆனால் கை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் போய் உட்காரும்.

படி 4: எந்த ஏர் பிஸ்டல்

10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கான பன்னாட்டு விதிகள் உங்கள் தேர்வைச் சுலபமாக்கும். எடை 1,500 கிராமுக்குள். 420 x 200 x 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். டிரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். திறந்த சைட் மட்டும். தொலைநோக்கியோ லேசரோ கூடாது. 60 குண்டுகள், ஒரு மணி நேரம் 15 நிமிடம். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு.

நம் ரேஞ்சுகளில் அதிகம் கண்ணில் படுபவை ஆஸ்திரியாவின் ஸ்டெயர், ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், சுவிட்சர்லாந்தின் மொரினி, இத்தாலியின் பார்டினி. எல்லாமே அழுத்தக் காற்றுச் சிலிண்டரில் வேலை செய்பவை. புதியது இறக்குமதிச் செலவோடு லட்சத்தைத் தாண்டும். தொடக்கக்காரருக்கு என் பரிந்துரை, நன்றாகப் பராமரித்த பழையது. ஒரு வீரர் அடுத்த மாடலுக்கு மாறும்போது விற்பது. கோச் பார்த்துச் சொன்னால் மட்டுமே வாங்குங்கள்.

பழையதை வாங்கும்போது பார்க்க வேண்டியது முதலில் சிலிண்டர். அதன் மேல் தயாரிப்பு ஆண்டு பொறித்திருக்கும். பொதுவாகப் பத்து ஆண்டுதான் ஆயுள். காலாவதியான சிலிண்டரோடு போட்டிக்குப் போக முடியாது, வீட்டில் பயன்படுத்துவதும் ஆபத்து. ஏறக்குறைய 200 பார் அழுத்தம் அந்தச் சிறு குழாய்க்குள் அடைந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். சிலிண்டரின் திருகு மரை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்டெயரின் சிலிண்டர் மொரினியில் ஏறாது. 'கிட்டத்தட்டப் பொருந்துகிறது' என்று அடாப்டர் செய்து கொடுக்க முன்வரும் லேத் பட்டறையை அன்போடு மறுத்துவிடுங்கள். பாகப் பொருத்தம் என்ற பேச்சில் நான் கண்டிப்பாக நிற்கும் இடம் இது: காற்றழுத்தம் தாங்கும் பாகமும் வெடிப்பழுத்தம் தாங்கும் பாகமும் அதே கம்பெனியின், அதே மாடலுக்கான அசல் பாகமாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்து டிரிகர். மெக்கானிக்கலா, எலக்ட்ரானிக்கா? எலக்ட்ரானிக் டிரிகர் மிகச் சீராக விடும். உயர்மட்ட வீரர்கள் பலர் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. சரிசெய்யச் சில நிமிடங்கள் போயின. 575 புள்ளிகளோடு இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். எந்த டிரிகரானாலும் பழுதாகலாம் என்பது உண்மை. அணியோடு டெக்னீஷியனும் மாற்று பிஸ்டலும் போகிற ஒலிம்பிக்கிலேயே அந்த நிலை. நம் ஊரில் எலக்ட்ரானிக் பலகை போனால் அதை வெளியூருக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டும். முதல் பிஸ்டலுக்கு மெக்கானிக்கல் போதும்.

படி 5: பெல்லட் பொருத்தம்

காலிபர் மாற்றத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு 4.5க்குள்ளேயே ஒரு நுட்பமான உலகம் இருக்கிறது. பெல்லட் டப்பாவின் அடியில் 4.48, 4.49, 4.50, 4.51, 4.52 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். அது பெல்லட் தலையின் விட்டம். எல்லாமே 4.5 வகைதான், ஆனால் உங்கள் குழலுக்கு அவற்றில் ஒன்றுதான் மிகவும் பிடிக்கும்.

பிஸ்டலை மென்மையான தாங்கலில் இறுக்கிப் பிடித்து, கையின் நடுக்கமே இல்லாதபடி, ஒவ்வொரு அளவிலும் பத்து பெல்லட் ஒரே காகிதப் புள்ளியில் சுட வேண்டும். ரேஞ்சில் இதற்கான பிடிமானம் இருக்கிறதா என்று கோச்சிடம் கேளுங்கள். முடிந்ததும் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓர் அளவில் பத்தும் ஒரே வட்டமான ஓட்டையாக இருக்கும். இன்னொன்றில் ஓட்டை நீள்வட்டமாகி ஓரத்தில் இரண்டு பற்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வட்டமாக விழுந்த டப்பாவின் அளவையும் தயாரிப்புத் தொகுதி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே தொகுதியில் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வையுங்கள். ஆர்டபிள்யூஎஸ், எச் அண்ட் என், ஜேஎஸ்பி என்று நல்ல பெல்லட்டுகள் பல உண்டு. பக்கத்து லேனில் சுடுபவருக்குப் பிடித்தது உங்கள் குழலுக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை.

முதல் ஆறு மாதத்துக்கு இந்தச் சோதனை தேவையே இல்லை. கை ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஆடும்போது பெல்லட்டின் நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் தெரியாது.

படி 6: இடவப்பாதியும் துலாவர்ஷமும்

இடவப்பாதி மழை பெய்யும் ஜூனிலும் துலாவர்ஷம் வரும் அக்டோபரிலும் இந்த ஊர்க் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். பிஸ்டலுக்கு இதனால் மூன்று தொந்தரவு. பெட்டிக்குள் இருக்கும் கறுப்பு நுரை ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். அதில் மூடி வைத்த இரும்புப் பாகம் சில வாரத்தில் செம்புள்ளி காட்டும். வால்நட் மரக் கிரிப் லேசாக உப்பும். டிசம்பரில் செதுக்கியது ஜூலையில் இறுகும். கைப்பம்பில் சிலிண்டர் நிரப்புகிறவர்கள் காற்றோடு ஈரத்தையும் உள்ளே ஏற்றிவிடுவார்கள். அது உள்ளே இருக்கும் அழுத்தச் சீராக்கியைக் கெடுக்கும்.

பெட்டியில் சிலிக்கா ஜெல் பை வையுங்கள். நிறம் மாறினால் மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து உலர விட்டு, வெளி இரும்பை எண்ணெய் தொட்ட துணியால் துடைத்த பிறகே பூட்டுங்கள். குழலுக்குள் எண்ணெய் வேண்டாம். சிலிண்டரை ரேஞ்சிலோ, உலர்ந்த காற்று நிரப்பிய பெரிய சிலிண்டரிலிருந்தோ நிரப்புவது நல்லது. பம்புதான் வழி என்றால் ஈரம் வடிகட்டும் பகுதியை அடிக்கடி மாற்ற வேண்டும்.

மழை நாளில் ரேஞ்சுக்குப் போக முடியாவிட்டால் வீட்டில் டிரை ஃபயர். வெள்ளைச் சுவரின் முன் நின்று, குண்டில்லாமல், சைட்டை மட்டும் பார்த்து டிரிகரை அழுத்துவது. உலகத்தரத்து வீரர்களும் செய்யும் பயிற்சி இது. தொடங்குமுன் பெல்லட் டப்பாவை அடுத்த அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

படி 7: 25 மீட்டருக்குப் போகும்போது

ஏர் பிஸ்டலில் 60 குண்டுகளில் சீராக 550 புள்ளிக்கு மேல் எடுக்கத் தொடங்கிய பிறகு .22 பற்றி யோசிக்கலாம். இது என் அளவுகோல். கோச்சுக்குக் கோச் மாறும். .22 எல்ஆர் குண்டின் ஆற்றல் நூறு ஜூல் அளவில், ஏர் பிஸ்டலைப் போல இருபது மடங்கு. உதைப்பு உண்டு, சத்தம் உண்டு, காதுக் கவசம் கட்டாயம். அதே கை, அதே நிலை, ஆனால் நேரக் கட்டுப்பாடு: பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டலில் முதல் 30 குண்டு நிதானமாகவும், அடுத்த 30 குண்டு மூன்று விநாடி மட்டும் தெரிந்து மறையும் இலக்கிலும் சுட வேண்டும். பாரிஸில் மனு இந்தப் பிரிவில் நான்காவதாக வந்தார்.

முதலில் சங்கத்தின் .22 பிஸ்டலில் மேற்பார்வையோடு பழகுங்கள். சொந்தமாக வாங்க லைசென்ஸ் வேண்டும். விண்ணப்பம் தேசிய ஆயுத லைசென்ஸ் இணையத்தளம் வழியாக ஏ-1 படிவத்தில். திருவனந்தபுரம் முகவரிக்காரர்களுக்கு உரிம அதிகாரி மாவட்ட நிர்வாகம், குடப்பனக்குன்று சிவில் ஸ்டேஷனில். அடையாளம், முகவரி, மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, ரைபிள் சங்க உறுப்பினர் சான்று, போட்டிப் புள்ளிகள் எல்லாவற்றையும் கோப்பாகக் கொண்டுபோங்கள். காவல்துறை விசாரிக்க வீட்டுக்கு வரும். பூட்டும் இரும்புப் பெட்டி எங்கே என்று கேட்பார்கள். அதை முன்பே சுவரில் பதித்து வைத்திருப்பவருக்கு வேலை சுலபம். 'விளையாட்டுக்கு' என்ற காரணத்தை நிரூபிப்பது உங்கள் புள்ளி அட்டைகள்தான். இரண்டு ஆண்டு ஏர் பிஸ்டல் சுட்ட பதிவு இல்லாதவரின் விண்ணப்பம் எந்த மேசையிலும் நம்பிக்கை தராது.

படி 8: ஒரே பிஸ்டல், இரண்டு காலிபர்

இனி அந்த இரண்டாவது கேள்வி.

வெளிநாட்டில் அதிகம் பேசப்படும் உதாரணம் .40 எஸ் அண்ட் டபிள்யூவும் .357 சிக்கும். இரண்டு தோட்டாவின் அடிப்பாகமும் ஒரே விட்டம். அதனால் தோட்டாவைப் பிடித்து வெளியே எடுக்கும் பாகங்களை மாற்றாமல், பல மாடல்களில் குழலை மட்டும் மாற்றினால் போதும். இதைப் பார்த்துத்தான் 'குழல் மாற்றினால் காலிபர் மாறும்' என்ற எண்ணம் பரவியது. நம் போட்டி உலகில் இது நடக்காது.

நமக்குப் பொருத்தமான ஜோடி .22 எல்ஆரும் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் வாட்கட்டரும். .22 தோட்டா விளிம்பில் அடிபட்டு வெடிப்பது; .32 நடுவில் அடிபட்டு வெடிப்பது. அடிப்பாகத்தின் விட்டமும் வேறு. ஆகவே குழலோடு போல்ட், ஊசி, ஸ்பிரிங், மேகசின் எல்லாமே மாற வேண்டும். மாறாமல் மிஞ்சுவது ஃபிரேமும் கிரிப்பும், சில மாடல்களில் டிரிகர் பகுதியும். வால்தர் ஜிஎஸ்பி இந்தக் கட்டமைப்பின் பழைய, நல்ல உதாரணம்: .22 மேற்பகுதியைக் கழற்றி .32 மேற்பகுதியைப் பொருத்தும்படியே வடிவமைத்தார்கள். ஹாமர்லி 280லும் இதே ஏற்பாடு உண்டு.

இந்தச் சிரமம் எதற்கு? சென்டர் ஃபயர் என்ற போட்டிக்காக. பெண்களின் 25 மீட்டர் பிஸ்டல் போலவே 30 நிதானம், 30 வேகம். ஆனால் காலிபர் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதாவது நமக்கு .32. ஒலிம்பிக்கில் இல்லாவிட்டாலும் தேசியப் போட்டியில் மதிப்புள்ள பிரிவு. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா இதில் 590 புள்ளிகள் எடுத்து உலகச் சாதனையைச் சமன்செய்தார். பின்னாளில் மனுவின் கோச் ஆனவரும் அவர்தான். 25 மீட்டர் .22 பிரிவுக்கும் சென்டர் ஃபயருக்கும் டிரிகர் குறைந்தபட்சம் 1,000 கிராம். ஆக, மாதக்கணக்கில் செதுக்கிச் சரிசெய்த அதே கிரிப், பழகிய அதே டிரிகர் இரண்டு போட்டிக்கும் கிடைக்கிறது. காலிபர் மாற்றும் இந்தப் பாகத் தொகுப்பின், அதாவது கன்வர்ஷன் கிட்டின், உண்மையான பயன் அதுதான். காசு மிச்சம் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம். நல்ல கிட்டின் விலை முழு பிஸ்டலை நெருங்கும்.

வாட்கட்டர் குண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். முனை கூராக இல்லை. ஈயம் தோட்டாவின் வாயோடு தட்டையாக முடிந்துவிடும். காகிதத்தில் கத்தரித்தாற்போல வட்ட ஓட்டை விழுவதற்காக அந்த வடிவம். இதனால் .32 மேகசினின் வடிவமும் தனி, வேறு முனையுள்ள .32 தோட்டா அதில் ஏறாது, ஏற்றவும் முயலக் கூடாது. கடையில் .32 என்ற பெயரில் .32 ஏசிபி தோட்டாவும் கிடைக்கும். அது வேறு தோட்டா, வேறு நீளம். பெட்டியின் மேல் முழுப்பெயரையும் படித்த பிறகே காசு கொடுங்கள்.

இப்போது சட்டம். துப்பாக்கியின் பாகங்களும் சட்டத்தின் பார்வையில் ஆயுதம்தான். குழல் தனியாக வந்தாலும் அது சாதாரண இரும்புக் குழாய் ஆகாது. 2019 திருத்தம் ஆறாம் பிரிவில் ஒன்றைச் சேர்த்தது: ஆயுத விதிகளில் சொன்ன ஒரு வகைத் துப்பாக்கியை உரிமமில்லாமல் இன்னொரு வகையாக மாற்றுவதும் குற்றம். தண்டனை ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் வரை போகலாம். ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் மாநில ரைபிள் சங்கத்திடம் உங்களுக்கு சென்டர் ஃபயர் சுடும் தகுதி இருப்பதாகக் கடிதம். அடுத்து உரிம அதிகாரியிடம், எந்த ஃபிரேம், எந்த எண், எந்தக் காலிபர் கிட் என்று தெளிவாக எழுதி விண்ணப்பம். லைசென்ஸில் இரண்டாவது காலிபர் எழுதப்பட்ட பிறகு, உரிமம் பெற்ற வணிகரிடம் கம்பெனியின் அசல் கிட். எந்தத் தோட்டா எத்தனை வாங்கலாம் என்பதும் அதே லைசென்ஸில் பதிவாகும். ஒரு படியைத் தாண்டிக் குதிக்கச் சொல்பவர் எவ்வளவு பெரிய அனுபவசாலியானாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

கிட் கைக்கு வந்ததும் முதல் முறை மாற்றுவதைக் கம்பெனிக் கையேட்டின்படி, கோச்சையோ உரிமம் பெற்ற ஆர்மரரையோ (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். இரண்டு மேற்பகுதிக்கும் தனித்தனியாகச் சைட் அமைப்பு உண்டு; .32 குண்டு எடை அதிகம், .22இன் சைட் கணக்கு இதற்குச் செல்லாது. ஒரு சிறு நோட்டில் ஒவ்வொன்றுக்கும் சைட் கிளிக் எண்ணிக்கை, டிரிகர் எடை, எந்தத் தொகுதித் தோட்டா என்று எழுதுங்கள். மேகசின்களில் வெவ்வேறு நிற டேப் ஒட்டுங்கள். போட்டி அவசரத்தில் கை மாறி எடுப்பது மிகச் சாதாரணமாக நடக்கும். ஒரே பயிற்சி நாளில் இரண்டு காலிபரும் சுட வேண்டியிருந்தால் முதல் காலிபரின் தோட்டா முழுவதையும் பெட்டியில் பூட்டிய பிறகே அடுத்ததைத் திறக்கவும்.

படி 9: வழியிலும் போட்டியிலும்

ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் இல்லை என்பதற்காகப் பையில் போட்டு கிழக்கேகோட்டையிலிருந்து பஸ் ஏறாதீர்கள். பூட்டிய கெட்டிப் பெட்டி, குழலில் பாதுகாப்புக் கொடி, பெல்லட் தனியாக, கூடவே வாங்கிய ரசீதும் சங்க அடையாள அட்டையும். வழியில் யார் கேட்டாலும் பெட்டியைத் தெருவில் திறந்து காட்ட வேண்டாம். விமானத்தில் போனால் முன்கூட்டியே அறிவித்து, சிலிண்டரைக் காலி செய்து, சரக்குப் பெட்டியில்தான். விமான நிறுவனத்தின் எழுத்து அனுமதியை ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். போட்டி வீரர்களுக்கு விலக்கு உண்டு; ஆனால் சங்கத்தின் கடிதத்தோடு நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, அடுத்து ஜி.வி. மாவ்லங்கர் பெயரிலான அகில இந்தியப் போட்டி, அதில் தகுதிப் புள்ளி எடுத்தால் தேசியப் போட்டி. மக்களவையின் முதல் சபாநாயகரான மாவ்லங்கர்தான் 1951இல் தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் தலைவர்.

முதல் போட்டியில் புதியவர்கள் தடுமாறும் இடம் கருவிச் சோதனை மேசை. பிஸ்டலை அளவுப் பெட்டியில் வைத்துப் பார்ப்பார்கள், தராசில் ஏற்றுவார்கள், குழலைச் செங்குத்தாகப் பிடித்து டிரிகரில் 500 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். கல் தரையை விட்டு எழும்பும்வரை டிரிகர் விடக் கூடாது. மூன்று வாய்ப்பு. டிரிகரை 500லேயே நிறுத்தி வைத்தால் வெப்பத்திலோ ஈரத்திலோ பத்து கிராம் இறங்கி மேசையிலேயே நின்றுபோவீர்கள். 510, 520 என்று சற்றுக் கூட்டியே வையுங்கள். சோதனை முடிந்து பிஸ்டலில் ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு, போட்டி முடியும்வரை கிரிப்பையோ டிரிகரையோ தொட்டு மாற்றக் கூடாது. மாற்றினால் மறுபடியும் அதே வரிசையில் போய் நிற்க வேண்டும்.